இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங் எடுக்கலாமா? வட ஆற்காட்டு வாசகர்களுக்குப் பதில்கள்

பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் தயாரிக்கும் நாட்கள் நெருங்கிவிட்டதால், இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் ஒரே பாடப்பிரிவுக்கு ஒதுக்கியிருக்கிறேன். பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் பகுதிகளான வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங் குறித்து வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் துறையில் வேலை பார்த்தவன் நான். அதில் பெரும்பகுதி ராணிப்பேட்டை வட்டாரத் தொழிற்சாலைகளில் கழிந்தது.

கேள்வி: என் மகனுக்குக் கிண்டி பொறியியல் கல்லூரியில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. ஐ.ஐ.டி. கரக்பூரில் இதையே 'இண்டஸ்ட்ரியல் அண்ட் சிஸ்டம்ஸ்' என்ற பெயரில் நடத்துகிறார்கள் என்றும் சொல்கிறான். உறவினர்களோ, "ஐ.டி.ஐ. படிப்பு மாதிரி இருக்கிறதே, ஏதாவது ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிடுங்கள்" என்கிறார்கள். இது என்ன படிப்பு? வேலை கிடைக்குமா?
– ஒரு தந்தை, காட்பாடி

பதில்: முதலில் பெயரால் வரும் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஐ.டி.ஐ.யிலும் 'இண்டஸ்ட்ரியல்' என்ற சொல் இருப்பதால் இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்களை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஐ.டி.ஐ. என்பது ஃபிட்டர், வெல்டர், டர்னர் போன்ற கைத்தொழில்களைக் கற்றுத்தரும் பயிற்சி நிலையம். உங்கள் மகன் சொல்வது நான்கு ஆண்டு பி.இ. பட்டப்படிப்பு. அடுத்து, 'சிஸ்டம்' என்றாலே நம் ஊரில் கம்ப்யூட்டர் என்றுதான் பொருள் கொள்கிறோம். இங்கே அந்தப் பொருள் இல்லை. மனிதர்கள், எந்திரங்கள், பொருள்கள், பணம், நேரம் ஆகிய அனைத்தும் ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் ஓர் அமைப்பையே இந்தப் படிப்பில் சிஸ்டம் என்கிறார்கள்.

ஊரறிந்த ஓர் உதாரணத்தைச் சொல்கிறேன். மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வைத்தியத்துக்காக வருகிறவர்கள் மூட்டை முடிச்சுகளோடு காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்குவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஏதோ ஒரு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்கு மணிக்கு 60 பேர் வருகிறார்கள் என்றும், காத்திருக்கும் கூடத்தில் சராசரியாக எப்போதும் 180 பேர் இருக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் எதுவும் கேட்காமலேயே, ஒருவர் சராசரியாக 3 மணி நேரம் காத்திருக்கிறார் என்று சொல்லிவிட முடியும். கூடத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கையை வருகை வேகத்தால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் வந்துவிடும். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961-இல் இதற்குக் கணித நிரூபணம் கொடுத்ததால் இதை 'லிட்டில் விதி' என்கிறார்கள். ஆனால் வகுத்துச் சொல்வதோடு வேலை முடிவதில்லை. அந்த 3 மணி நேரத்துக்குக் காரணம் மருத்துவர்கள் குறைவாக இருப்பதா, ரத்தப் பரிசோதனை முடிவு தாமதமாக வருவதா, பணம் கட்டும் கவுன்டரை அரை மணி நேரம் பிந்தித் திறப்பதா, அல்லது எல்லோரையும் காலை எட்டு மணிக்கே வரச் சொல்லியிருப்பதா என்று அளந்து பார்த்து, செலவு குறைவான மாற்றம் எதுவோ அதைச் செய்து காட்டுவதுதான் இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரின் வேலை.

இப்படிப்பட்ட சிந்தனைக்கு நம் தமிழ்நாட்டிலேயே உலகம் வந்து பார்த்துச் செல்லும் சான்று இருக்கிறது. மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், அறுவை அரங்கில் இரண்டு மேசைகளை அடுத்தடுத்துப் போட்டார்கள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே, பயிற்சி பெற்ற செவிலியர்கள் மற்றொரு மேசையில் அடுத்த நோயாளியைத் தயார் செய்துவிடுவார்கள். முதல் அறுவை முடிந்ததும் மருத்துவர் அப்படியே அடுத்த மேசைக்குத் திரும்பிவிடலாம். மருத்துவரின் கை காத்திருக்கும் நேரத்தைக் குறைத்ததால், பணம் கட்ட முடியாதவர்களுக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் வலிமை அந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது. இதைச் செய்தவர் ஒரு கண் மருத்துவர் என்றாலும், எங்கள் துறையின் பாடத்தை இதைவிடத் தெளிவாக யாரும் நடத்திக் காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

படிப்பில் என்ன இருக்கும் என்றால், முதலாண்டு மற்ற பொறியியல் மாணவர்களுக்கு உள்ளதைப் போன்றதே. அதன் பிறகு நிகழ்தகவு, புள்ளியியல், இருப்பதை வைத்துச் சிறந்த முடிவைக் கணக்குப் போட்டுக் கண்டறியும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச், ஒரு வேலை எப்படி, எவ்வளவு நேரத்தில் நடக்கிறது என்று அளக்கும் வேலை ஆய்வு, தரக்கட்டுப்பாடு, இருப்புச் சரக்கு மேலாண்மை, உற்பத்தித் திட்டமிடல், ஆலை அமைப்பு, மனித உடலுக்கேற்ற வேலையிடத்தை வடிவமைக்கும் எர்கோனாமிக்ஸ், கம்ப்யூட்டரில் ஓர் ஆலையையே ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் என்று விரியும். கணக்கு வராத பிள்ளைக்கு இது கடினம். 'நிர்வாகப் படிப்புதானே, எளிதாக இருக்கும்' என்று நம்பிச் சேர்ந்தவர்கள் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் தாளில் தடுமாறியதை நான் பார்த்திருக்கிறேன். மாறாக, கணக்கும் பிடித்து, மனிதர்களோடு பேசவும் பிடித்த பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பொறியியல் பிரிவு குறைவு.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, கார், டயர், மின்னணு, ஆயத்த ஆடை, தோல் ஆலைகள், இணைய வணிக நிறுவனங்களின் கிடங்குகள், விமான நிலையங்கள், மருத்துவமனைகள், தரவுப் பகுப்பாய்வு நிறுவனங்கள் என எல்லா இடத்திலும் இந்தப் படிப்புக்கு இடம் உண்டு. வேலூரிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையின் இருபுறமும் வளர்ந்துவரும் ஆலைகளை நீங்களே அறிவீர்கள். ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் ஆலை வேலை என்றால் தொடக்க ஆண்டுகளில் ஷிப்டும் இரைச்சலும் வெயிலும் உண்டு. முதல் நாளிலேயே குளிரூட்டிய அறை கிடைக்கும் என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். ஆலை பிடிக்காமல் போனாலும் வழி அடைபடாது. வளாகத் தேர்வுக்கு வரும் மென்பொருள் நிறுவனங்களில் பல, எல்லாப் பிரிவு மாணவர்களையும் தேர்வு எழுத அனுமதிக்கின்றன. ஆகவே பைத்தான் என்ற நிரல் மொழியும் தரவுகளைக் கையாளும் எஸ்.க்யூ.எல். மொழியும் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அவனுக்குக் கை வந்திருக்க வேண்டும்.

உறவினர்களின் யோசனைக்கு என் பதில் இது. நிரல் எழுதுவதில் உங்கள் மகனுக்கு உண்மையான ஆசை இருந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸே எடுக்கட்டும், அதில் தவறில்லை. அந்த ஆசை இல்லாமல், பெயருக்காக மட்டும், ஆசிரியர்களும் ஆய்வகமும் சரியாக இல்லாத ஒரு கல்லூரியில் அதில் சேர்ப்பதைவிட, கிண்டியில் இண்டஸ்ட்ரியலில் சேர்ப்பது எவ்வளவோ மேல்.

அவனுக்கு இது ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. கூட்டம் அலைமோதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏதாவது ஒரு பிரியாணிக் கடையில் பார்சல் கட்டுகிற இடத்துக்கு எதிரே அவனை இருபது நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். பில் போடுகிறவர், அண்டாவிலிருந்து அள்ளுகிறவர், இலையை மடிக்கிறவர், கத்தரிக்காய்த் தொக்கையும் வெங்காயப் பச்சடியையும் பையில் போடுகிறவர் ஆகிய நால்வரில் யார் கை சும்மா நிற்கிறது, யார் முன்னால் சீட்டுகள் குவிகின்றன, ஒருவரை இடம் மாற்றினால் வரிசை குறையுமா என்று வீட்டுக்கு வந்து உற்சாகமாகப் பேசினான் என்றால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். பிரியாணியைப் பற்றி மட்டும் பேசினான் என்றால் இன்னொரு முறை யோசிக்கலாம்.

கேள்வி: இந்தப் பிரிவில் படித்தால் என் மகளுக்கு அரசு வேலை கிடைக்குமா?
– ஒரு தாய், ஆற்காடு

பதில்: குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கும் ஐ.ஏ.எஸ். தேர்வுக்கும் எந்தப் பட்டமும் போதும் என்பதால் அவற்றில் தடையே இல்லை. பொதுத்துறை நிறுவனங்களின் பொறியாளர் பணிகளில்தான் கவனம் வேண்டும். அறிவிப்பில் தகுதியான பிரிவுகளைப் பெயர் சொல்லியே எழுதியிருப்பார்கள். சிலவற்றில் மெக்கானிக்கலோடு புரொடக்‌ஷன், இண்டஸ்ட்ரியல் ஆகியவையும் இருக்கும், சிலவற்றில் மெக்கானிக்கல் மட்டுமே இருக்கும். மத்திய அரசின் பொறியியல் பணித் தேர்வில் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ் என நான்கு பாடங்களில்தான் தாள்கள் உள்ளன. உங்கள் மகள் எழுதுவதானால் மெக்கானிக்கல் தாளுக்குத் தனியாகப் படிக்க வேண்டியிருக்கும். பொறியாளராக அரசுப் பணி என்பது மட்டுமே குடும்பத்தின் குறிக்கோள் என்றால், மெக்கானிக்கல் அல்லது சிவில் எடுப்பதே பாதுகாப்பானது என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: பாகாயத்தில் உள்ள அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிறகு இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங் துறைக்கு மாற முடியுமா?
– ஒரு மாணவர், குடியாத்தம்

பதில்: தாராளமாக மாறலாம், இந்தத் துறையில் இருப்பவர்களில் பலர் மெக்கானிக்கல் படித்துவிட்டு வந்தவர்கள்தான். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வில் 'புரொடக்‌ஷன் அண்ட் இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங்' என்று ஒரு தனித்தாளே இருக்கிறது. நீங்கள் எழுதப்போகும் மெக்கானிக்கல் தாளிலும் இருப்புச் சரக்கு, உற்பத்தித் திட்டமிடல், ஆபரேஷன்ஸ் ரிசர்ச் ஆகிய பகுதிகள் உண்டு. மேற்படிப்புக்குக் கிண்டியும் திருச்சி என்.ஐ.டி.யும் கோவை பி.எஸ்.ஜி.யும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஐ.ஐ.டி. பம்பாயில் இந்தப் பாடத்தோடு ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சையும் சேர்த்து நடத்துகிறார்கள். 1963-இல் இதே துறைக்காக மும்பையில் தொடங்கப்பட்ட 'நைட்டி' என்ற நிறுவனம் 2023-இல் ஐ.ஐ.எம். மும்பையாக மாறியிருக்கிறது. இப்போதே செய்ய வேண்டியது ஒன்றுதான்: புள்ளியியலைத் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, சிப்காட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பட்டம் பெற நேரமும் வசதியும் இல்லை. இந்தப் பாடம் எனக்குப் பயன்படுமா?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழி இருக்கிறது. வசதி வரும்போது அதை யோசித்துப் பாருங்கள். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு என் அனுபவத்தையே சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உங்களுடையதைப் போன்ற ஒரு பட்டறையில், வெல்டர்கள் இடத்தில் நிற்பதே இல்லை என்று அதிகாரிகள் குறைபட்டுக்கொண்டார்கள். எனக்குப் பயிற்சி அளித்த மூத்தவர், பட்டறையின் வரைபடத்தை ஒரு பலகையில் ஒட்டி, வெல்டர் நிற்கும் இடம், ஸ்டோர், தண்ணீர்ப் பானை, வெல்டிங் குச்சியான எலக்ட்ரோடைக் காய வைக்கும் ஓவன் ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு குண்டூசி குத்தச் சொன்னார். ஒரு வெல்டர் ஒரு ஷிப்டில் நடக்கும் ஒவ்வொரு நடைக்கும் ஊசியிலிருந்து ஊசிக்குத் தையல் நூலை இழுத்துச் சுற்றினோம். மாலையில் பார்த்தால் ஓவனுக்கும் வெல்டருக்கும் இடையே நூல் கயிறு போலத் தடித்துக் கிடந்தது. போய்வர 260 மீட்டர், ஒரு ஷிப்டில் ஆறு முறை, பதினான்கு வெல்டர்கள் என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய 22 கிலோமீட்டர் வந்தது. ஒரேயடியாக அள்ளிவந்து வைத்துக்கொள்ளக் கூடாதா என்று நான் கேட்டதற்கு, ஒரு வயதான வெல்டர்தான் விளக்கம் சொன்னார்: அந்த வகை எலக்ட்ரோடு வெளியில் கிடந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பிறகு வெல்டில் விரிசல் விடும், அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வருகிறோம் என்றார். அவர்கள் நடந்தது சோம்பலால் இல்லை, வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதால்தான். ஒவ்வொரு வெல்டருக்கும் பக்கத்தில் ஒரு சிறிய போர்ட்டபிள் ஓவன் வைத்ததும் அந்த நடை நின்றது.

உங்களுக்கும் ஒரு வரைபடமும், குண்டூசிகளும், ஒரு நூல்கண்டும் போதும். ஆனால் நூலைச் சுற்றி முடித்ததும் நடக்கிறவரிடம் காரணம் கேட்காமல் எதையும் மாற்றிவிடாதீர்கள்.

கேள்வி: அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். என் அம்மா பன்னிரண்டு ஆண்டுகளாக ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் வேலை செய்கிறார். இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங் படிக்கப் போகிறேன் என்றதும், "ஸ்டாப்வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பின்னால் நிற்பார்களே, அந்த வேலைக்கா போகப் போகிறாய்?" என்று வருத்தப்பட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– ஒரு மாணவி, ஆம்பூர்

பதில்: மகளே, இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். உங்கள் அம்மாவின் வருத்தம் நியாயமானது. காலையில் களைப்பில்லாத நேரத்தில், லைனிலேயே வேகமான பெண்ணின் பின்னால் நின்று நேரம் எடுத்து, அதையே எல்லோருக்கும் மாலை வரைக்குமான இலக்காக்கிய ஆலைகளை நானும் பார்த்திருக்கிறேன். எங்கள் பாடத்தின்படியே அது தவறான அளவீடு.

சரியாகச் செய்தால் என்ன நடக்கும் என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன். ஒரு லைனில் ஐந்து பேர் இருப்பதாகக் கொள்வோம். ஷூவின் மேல்பாகமான அப்பர் ஒரு ஜோடிக்கு, தோலின் ஓரத்தைச் சீவும் ஸ்கைவிங்குக்கு 45 வினாடி, ஒட்டி மடிக்க 55, தைக்க 90, கயிறு கோக்கும் துளைகளுக்கு ஐலெட் வளையம் அடிக்க 40, சரிபார்க்க 50 வினாடி ஆகிறது. மற்றவர்கள் எவ்வளவு வேகமாகச் செய்தாலும் தைக்கும் இடத்தில் 90 வினாடிக்கு ஒரு ஜோடிதான் வெளியே வரும். எட்டு மணி நேரத்தில் 320 ஜோடி. தைக்கிற பெண்ணுக்கு முன்னால் கூடை குவியும், திட்டும் அவருக்கே விழும். அவருடைய கையை உற்றுப் பார்த்தால், அந்த 90 வினாடியில் 25 வினாடி தைப்பதற்கே போகவில்லை, தைத்து முடித்தபின் நூலை வெட்டி லைனிங்கின் ஓரத்தைச் சீர் செய்வதற்குப் போகிறது என்று தெரியவரும். அந்த வேலையை அடுத்திருக்கும் ஐலெட் பெண்ணிடம் மாற்றினால் இருவருக்கும் ஆளுக்கு 65 வினாடி ஆகிவிடும். அதே ஐந்து பேர், அதே எந்திரங்கள், யாரும் கையை வேகமாக அசைக்காமலேயே 443 ஜோடி வரும்.

ஆனால் அந்த 443-ஐ இலக்காக எழுதிவிட்டுப் போகிறவர் பாதிப் பாடம் மட்டுமே படித்தவர். முன்பு 90 வினாடிக்கு 40 வினாடி மட்டும் வேலை செய்த ஐலெட் பெண்ணுக்கு இப்போது மூச்சுவிட இடைவெளி இல்லை. தண்ணீர் குடிக்கவும், கழிவறைக்குப் போகவும், களைப்பாறவும் கூடுதல் நேரத்தைச் சேர்த்த பிறகே இலக்கை நிர்ணயிக்க வேண்டும் என்று வேலை ஆய்வு கற்பிக்கிறது. அதற்காக ஒரு ஜோடிக்கான நேரத்தில் 12 சதவீதம் சேர்த்தால் இலக்கு 395 ஆகக் குறையும். 320 எங்கே, 395 எங்கே! கூடுதலாக வரும் ஜோடிகளில் ஒரு பங்கு ஊக்கத்தொகையாகத் தொழிலாளருக்கு வந்து சேர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அந்தப் பங்கு வராத இடத்தில் ஸ்டாப்வாட்ச்சை யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்தத் துறையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒரு பெண்ணும் இருந்தார். அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத் என்பவர் செங்கல் கட்டும் வேலையை ஆராய்ந்து, ஒரு செங்கல்லுக்கு 18 ஆக இருந்த அசைவுகளை ஐந்துக்குள் கொண்டுவந்தார். கொத்தனார் ஒவ்வொரு கல்லுக்கும் குனிந்து நிமிராதபடி கற்களை இடுப்பு உயரத்தில் வைத்ததே அதில் முக்கியமான மாற்றம். அவருடைய மனைவி லிலியன் உளவியல் படித்தவர். தொழிலாளியின் களைப்பு எதனால் வருகிறது, அதை எப்படிக் குறைப்பது என்பதைத் துறையின் மையக் கேள்விகளில் ஒன்றாக்கினார். 1924-இல் கணவர் இறந்த பின்பும் பிள்ளைகளை வளர்த்தபடியே பல ஆண்டுகள் உழைத்து, 1965-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்துக்குத் தேர்வான முதல் பெண் ஆனார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டி அவருடைய யோசனை என்று சொன்னால் உங்கள் அம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போகலாம்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். சான்றிதழ்களை இப்போதே பள்ளியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வாயால் பதில் சொல்ல வேண்டாம். ஒருநாள் மாலை அவர் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்போது, லைனில் யார் முன்னால் கூடை குவிகிறது, எந்த வேலைக்கு அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கிறது, எத்தனை மணிக்குத் தோள் வலிக்கத் தொடங்குகிறது, அவரைக் கேட்டால் எதை மாற்றுவார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தக் கடைசிக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். கல்லூரியில் வேலை ஆய்வு வகுப்பு தொடங்கும் நாளில் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.